எத்தனை வருஷத்தில் ஊருக்கு வரலாம்? வெளிமாநில அரசு வேலையின் சீனியாரிட்டிக் கணக்கு

மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வின் முடிவு வந்து இலாகா ஒதுக்கிய வாரத்தில் எனக்கு வரும் போன்களில் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அண்ணா, குஜராத் போட்டிருக்காங்க. எத்தனை வருஷத்துல ஊருக்கு வரலாம்?" என்பதுதான் கேள்வி. இதையே நானும் ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ரயில்வேயில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். "மூணு வருஷம் தம்பி, அப்புறம் வந்துடலாம்" என்றார். அவர் சொன்னது யாருக்கோ எப்போதோ பலித்திருக்கும். என் இலாகாவுக்குப் பொருந்தாது என்பது சூரத் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கேள்வியே கொஞ்சம் தப்பு. வருஷத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இந்த வேலைக்கு சீனியாரிட்டி பட்டியல், அதாவது பதவி உயர்வுக்கு யார் முன்னால் யார் பின்னால் என்ற வரிசை, எந்த அளவில் போடுகிறார்கள்? நாடு முழுக்க ஒரே பட்டியலா, மண்டலத்துக்கு ஒன்றா, கோட்டத்துக்கு ஒன்றா?" என்பது. ஊர் திரும்புவது சுலபமா, கஷ்டமா, முடியவே முடியாதா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும். பயிற்சி மையங்களில் கணக்கும் ஆங்கிலமும் வருடக்கணக்கில் நடத்துகிறார்கள். இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

முதலில், ஒரு தமிழ்நாட்டுக்காரர் சூரத்தில் அரசு ஊழியராக எப்படி உட்கார முடிகிறது என்று பார்த்துவிடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. 'எங்கள் மாநிலத்தில் வசிப்பவருக்குத்தான் வேலை' என்று நிபந்தனை போட வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. நாடாளுமன்றம் 1957இல் ஒரு சட்டம் போட்டது. ஆனால் அது பழைய வசிப்பிட நிபந்தனைகளை எடுத்துவிடுவதற்கான சட்டம். தெலங்கானா பகுதி, இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு கொடுத்தார்கள். தெலங்கானாவில் அது பெரிய கிளர்ச்சியாக வெடித்து, 371டி என்ற தனிப்பிரிவு வரை போனது வேறு கதை.

ஆக, திருச்சி ஸ்டேஷன் கவுன்ட்டரில் தமிழ் தெரியாத ஒருவர் இருக்கிறாரே என்று நாம் புலம்புவதும், குஜராத்தி தெரியாத நான் சூரத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரே விதியின் இரண்டு முனைகள். என் மேசைக்கு வந்த வியாபாரிகள் என்னைப் பற்றி வெளியே போய் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வசிப்பிடத்தைக் கேட்க முடியாதபோது மாநிலங்களுக்குக் கையில் இருப்பது மொழி. தமிழ்நாட்டிலேயே முன்பு தமிழ் தெரியாதவர் வேலையில் சேர்ந்துவிட்டு 2 வருடத்துக்குள் மொழித் தேர்வில் தேறினால் போதும் என்று இருந்தது. 2021 டிசம்பரில் வந்த அரசாணை டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மத்திய அரசு சார்ந்த வேலைகளிலும் இந்த மாதிரி மொழி நிபந்தனை உண்டு. வங்கி கிளார்க் வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். மாநிலவாரியாக ஆள் எடுக்கிறது, அந்த மாநில மொழி தெரிய வேண்டும். கிராமிய அஞ்சல் ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு வரை உள்ளூர் மொழி படித்திருக்க வேண்டும். எஸ்.பி.ஐ. ஜூனியர் அசோசியேட் வேலை இன்னும் தெளிவு: ஒரு வட்டத்திலிருந்து (வங்கி தன் கிளைகளைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) இன்னொரு வட்டத்துக்கு மாறுதலே கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். ஊரை விட்டு நகர முடியாத குடும்பச் சூழ்நிலை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வேலைகளைத்தான். சம்பளம் இன்ஸ்பெக்டரைவிடக் குறைவுதான், ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.

சரி, சீனியாரிட்டிக்கு வருவோம்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிக்கு மாநில கேடர் என்று ஒன்று, அதாவது அவர் எந்த மாநிலத்தின் அணியில் சேர்க்கப்படுகிறார் என்பது, விழுந்துவிடும், அதோடு முடிந்தது. டெல்லிக்கு அயல்பணியாகப் போகலாம், வரலாம், ஆனால் கேடர் மாறுவது அபூர்வம். வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி போன்ற இலாகாக்களின் உயர் அதிகாரிகளுக்கு நாடு முழுக்க ஒரே பட்டியல். அவர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் போடுவார்கள்; அதே காரணத்தால் சென்னைக்கும் ஒருநாள் போடுவார்கள். எங்கே போனாலும் சீனியாரிட்டி கூடவே வரும்.

அதற்குக் கீழே இன்ஸ்பெக்டர், டாக்ஸ் அசிஸ்டன்ட், ஆடிட்டர் என்று எஸ்.எஸ்.சி. வழியாக வரும் பெரும்பாலானோருக்குப் பட்டியல் மண்டல அளவில். வருமான வரித்துறையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு மண்டலம், குஜராத் ஒரு மண்டலம். குஜராத்தில் சேர்ந்தவருக்கு அகமதாபாத், சூரத், ராஜ்கோட் என்று அதற்குள்ளேயே சுற்றுதான். நியமன ஆணையில் 'இந்தியாவில் எங்கும் பணியாற்றக் கடமைப்பட்டவர்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு, எங்கும் போடலாம் என்றால் சென்னையிலும் போடலாமே என்று பையன்கள் சந்தோஷப்படுகிறார்கள். அந்த வரி அரசாங்கத்துக்கு உள்ள உரிமை. அதை வைத்து நாம் எதையும் கேட்க முடியாது.

மத்தியத் தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் என்றால் டெல்லிதான், வேறு யோசனையே வேண்டாம். ரயில்வேயில் பல பதவிகளுக்குப் பட்டியல் கோட்ட அளவிலேயே முடிந்துவிடுகிறது. தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள். சேலத்திலிருந்து மதுரைக்கு வருவதேகூட கோட்டம் விட்டுக் கோட்டம் மாறும் சமாசாரம்.

ஆகவே உங்கள் இடம் தீர்மானமாகும் நாள், வேலையில் சேரும் நாளுக்குப் பல மாதம் முன்னாலேயே வந்துவிடுகிறது. ரயில்வே தேர்வில் எந்த ஒரு ஆர்.ஆர்.பி.க்கு (ரயில்வே தேர்வு வாரியம்) விண்ணப்பிப்பது என்று தேர்வு செய்யும் நாள் அது. எஸ்.எஸ்.சி.யில் பதவிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் நாளும், அப்புறம் இலாகா அனுப்பும் மண்டல விருப்பப் படிவத்தை நிரப்பும் நாளும். இந்தப் படிவத்தை நான் நிரப்பிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் இடத்தில் சென்னை. இரண்டாவது பெங்களூரு, மூன்றாவது ஹைதராபாத், நான்காவது கொச்சி. ஐந்தாவதுக்கு மேல் பொறுமை போய்விட்டது. திரையில் கீழே விரியும் பட்டியலில் பெயர் பார்த்த வரிசையில் எண்களைப் போட்டுக்கொண்டே போனேன். என் ரேங்க்குக்குத் தெற்கே ஒன்றும் கிடைக்காது என்று நிதானமாக யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு உண்மையில் முக்கியமானது ஐந்திலிருந்து பத்து வரைதான். புனேவா நாக்பூரா புவனேஸ்வரா என்று அந்த இடத்தில்தான் உட்கார்ந்து ரயில் அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும். என் ரேங்க்கில் இருக்கும் எவரும் செய்யும் தப்பு இது: கிடைக்காத நான்கு ஊருக்கு நான்கு நாள் யோசித்து, கிடைக்கப்போகும் ஊருக்கு நான்கு நிமிடம் செலவழிப்பது.

அடுத்தது, மண்டலம் விட்டு மண்டலம் மாறுவது. இதற்குச் 'சொந்த வேண்டுகோள் மாறுதல்' என்று பெயர். அனுமதிக்கும் இலாகாக்களில் விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். ஒரு பக்கம்தான், நான்கைந்து வரிதான். புதிய மண்டலத்தில் என் பதவியில் இருக்கும் கடைசி ஆளுக்கும் கீழே என் பெயர் வைக்கப்படுவதை ஏற்கிறேன். பயணப்படி கேட்க மாட்டேன். பழைய இடத்துக்குத் திரும்பவும் உரிமை கோர மாட்டேன். கீழே கையெழுத்து, தேதி. இந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் 2 வருஷம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

இதில் எதை இழக்கிறோம், எதை இழக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். அடிப்படைச் சம்பளம் குறையாது. ஓய்வூதியத்துக்கான சேவைக் காலம் அப்படியே தொடரும். பதவி உயர்வுக்கு 'இத்தனை வருட அனுபவம்' என்று கேட்டால் பழைய இடத்தில் வேலை பார்த்த வருடங்களும் கணக்கில் வரும். போவது வரிசையில் நிற்கும் இடம் மட்டும். ரேஷன் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் பக்கத்துக் கடைக்குப் போனால் கடைசியில் நிற்க வேண்டும், ஆனால் கார்டு செல்லும், அந்தக் கதைதான். தவிர, பதவி உயர்வே வராவிட்டாலும் 10, 20, 30 வருட சேவை முடிந்தால் அடுத்த சம்பள நிலையைக் கொடுக்கும் எம்.ஏ.சி.பி. திட்டம் 2008 முதல் இருக்கிறது. அதனால் பணமாகப் பார்த்தால் இழப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. நாற்காலியாகப் பார்த்தால் அதிகம். உங்களுக்கு எது உறுத்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சில இலாகாக்களில் இந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. மத்திய மறைமுக வரிகள் வாரியத்தில் இன்ஸ்பெக்டர் பதவிக்கு 2016இல் வந்த புதிய பணிநியமன விதிகளில் மண்டலம் விட்டு மண்டலம் மாறும் ஏற்பாடு இல்லை. அதைக் காட்டி 2018 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டு அந்த மாறுதல்களை நிறுத்தினார்கள். கேரளத்திலிருந்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் தீர்ப்பு: சுற்றறிக்கை செல்லும், மாறுதலை உரிமையாகக் கேட்க முடியாது. அதே தீர்ப்பில், கணவன் மனைவி ஒரே இடத்தில் இருப்பது, மாற்றுத்திறனாளிகள் நிலை, குடும்ப வாழ்க்கை இதையெல்லாம் அரசு தன் கொள்கையில் யோசிக்க வேண்டும், மறுபரிசீலனை செய்யுங்கள் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஊழியர்கள் தோற்ற வழக்குதான். ஆனாலும் குடும்பத்தைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசிய பக்கங்கள் இன்றும் மாறுதல் விண்ணப்பங்களில் எடுத்தாளப்படுகின்றன.

கணவன் மனைவி இருவரும் அரசு வேலையில் இருந்தால் முடிந்தவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 1986இலிருந்தே இருக்கிறது. 2009இல் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கும் 2014இல் சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கு வந்தது. 'முடிந்தவரை' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. மனைவி தனியார் வேலையில் இருந்தால் அந்தப் பலமும் வெகுவாகக் குறைந்துவிடும். பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இப்போது மாப்பிள்ளைக்கு என்ன கேடர் என்று கேட்கிறார்கள் என்று என் நண்பன் சொன்னான். கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

ரயில்வேக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு: பரஸ்பர மாறுதல். செகந்திராபாத்தில் இருக்கும் மதுரைக்காரர், மதுரையில் இருக்கும் ஆந்திரக்காரரைத் தேடிப் பிடித்து இடம் மாற்றிக்கொள்வது. இருவரின் சீனியாரிட்டியில் எது கீழோ அதுதான் கிடைக்கும் என்றாலும் ஒரேயடியாகக் கடைசிக்குப் போக வேண்டியதில்லை. பதவியும் பிரிவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கென்றே வாட்ஸ்அப் குழுக்கள் நடக்கின்றன. வரன் தேடும் விளம்பரம் மாதிரியே இருக்கும், 'இருப்பது இந்த ஊர், வேண்டுவது அந்த ஊர்' என்று.

பணத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி பெருநகரத்தில் 30, அடுத்த நிலை ஊரில் 20, மற்ற இடங்களில் 10 சதவீதம். 44,900 அடிப்படைச் சம்பளத்தில் சேரும் இன்ஸ்பெக்டருக்கு அகமதாபாத்தில் 13,470 ரூபாய், சூரத்தில் 8,980, சின்ன ஊரில் 4,490. சின்ன ஊரில் வாடகை குறைவு என்பது உண்மைதான், ஆனால் தொழிற்பேட்டை ஊர்களில் அப்படி இல்லை. வடகிழக்கு மாநிலங்களுக்குப் போனால் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் சிறப்புப்படி உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 8 வருடம் எல்.டி.சி.யில் (விடுப்பில் ஊர் போய்வர அரசு தரும் பயணச் செலவு) ஒரு சலுகை: நான்கு வருடத்துக்கு மூன்று முறை சொந்த ஊர், ஒரு முறை இந்தியாவில் எங்காவது. இதற்கு முக்கியம், பணிப் பதிவேட்டில் சொந்த ஊர் எது என்று ஆரம்பத்திலேயே சரியாக எழுதி வைப்பது.

பணம் கிடைத்தாலும் டிக்கெட் கிடைக்க வேண்டுமே. தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 8 நாள். சூரத்திலிருந்து சென்னைக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஊருக்கு ஓர் இரவு. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பொங்கலுக்குப் போக வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். திரும்பி வரும்போது பெட்டியில் பாதி புளியும் இட்லி அரிசியும் மிளகாய்ப் பொடியும்தான் இருக்கும். குஜராத்தில் பருப்பில் வெல்லம் போடுவார்கள். முதல் மாதம் அது பாயசமா குழம்பா என்று தெரியாமல் சாப்பிட்டேன். ஐந்தாவது வருடத்தில் ஊருக்கு வந்தபோது அம்மா வைத்த சாம்பாரில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வெளியே சொல்லவில்லை.

மொழியைப் பற்றி நம் ஊரில் பயம் அதிகம். ஒரு வேடிக்கை: மத்திய அரசு அலுவலகங்களில் ஹிந்திப் பயன்பாட்டை வகுக்கும் 1976ஆம் ஆண்டு அலுவல் மொழி விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தாது. விதியின் முதல் வரியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதனால் சென்னையில் மத்திய அரசு வேலை பார்ப்பவருக்கு அதன் சூடு தெரியாது. வெளியே போன முதல் நாளே தெரியும். ஹிந்தி தெரியாதவர்களுக்கு பிரபோத், பிரவீண், பிராக்யா என்று படிப்படியாக வகுப்பு நடத்துகிறார்கள், அலுவலக நேரத்திலேயே. நிபந்தனைக்கு உட்பட்டு, தேறினால் 12 மாதத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் அளவு தனிச்சம்பளமும் உண்டு. வெட்கப்படாமல் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பேச்சு எனக்கு ஆறு மாதத்தில் ஓரளவு வந்துவிட்டது. படுத்தியது குஜராத்தி எண்கள். சிட்டி பஸ்ஸில் எண்ணைக்கூட அவர்கள் எழுத்தில் போட்டிருப்பார்கள். அவர்களுடைய ஒன்று நம் கண்ணுக்கு ஒன்பது மாதிரி இருக்கும். தப்பான பஸ்ஸில் ஏறி ஜவுளி மார்க்கெட் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

வீடு தேடும்போது முதல் கேள்வி அசைவம் சாப்பிடுவீர்களா என்பது. இரண்டாவது, குடும்பமா தனி ஆளா. இரண்டுக்கும் தப்பான பதில் கையில் இருந்ததால் முதல் நான்கு மாதம் சக ஊழியர் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன்: ஒருவர் பீகார், ஒருவர் ஒடிசா, ஒருவர் ராஜஸ்தான். எல்லோருக்கும் ஊர் திரும்பும் கவலை ஒன்றுதான் என்பது அங்கேதான் உறைத்தது.

நம் ஆட்கள் இப்படிப் போவது புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு டெல்லி, சிம்லா அலுவலகங்களுக்குப் போன தமிழர்கள் ஏராளம். அவர்கள் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகள் இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்கின்றன. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கியது. ராமகிருஷ்ணபுரம் குன்றின் மேல் முருகன் கோயிலுக்கு 1973இல் குடமுழுக்கு நடந்தது. குடும்பத்தோடு போய் அங்கேயே வேர் விட்டவர்கள் அவர்கள். இன்றைய பையன்கள் போகும்போதே திரும்பும் தேதியைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு டம்ளர் வாங்குவதற்குக்கூட யோசிக்கிறார்கள்.

குழந்தைகள் பெரிதானால் சான்றிதழ் வேலை தனி. சூரத்தில் பிறந்த குழந்தைக்கும் சாதிச் சான்று தகப்பனார் ஊரை வைத்துத்தான். குஜராத் அரசு வேலைக்கோ கல்லூரிக்கோ போட்டால் நம் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதிச் சான்று அங்கே எடுபடாது, பொதுப்பிரிவுதான். மறுபக்கம், தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுக்கு வரும்போது வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடாமல், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதே இ-சேவையில் வாங்கி வைத்துவிட வேண்டும்.

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது ஒன்பதாவது வருடம். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அதற்கு மேல் இழுப்பறையில் வைத்திருக்க முடியவில்லை. சென்னை அலுவலகத்தில் இப்போது பட்டியலில் எனக்கு நேர் மேலே இருப்பவர், நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் அவருடைய தம்பிக்கு மண்டல விருப்பப் படிவம் வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார். முதல் நான்கு இடத்தை விட்டுவிட்டு, ஐந்தாவதிலிருந்து பேச ஆரம்பித்தோம்.